எஸ்டேட் ஆபீஸுக்கு வரும் சொந்தக் கடிதத்தை ஹெட் கிளார்க் பிரிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி நர்ஸ்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். குடியிருப்பதும் எஸ்டேட் குவார்ட்டர்ஸ்தான். இங்கே வீட்டுக்குக் கதவு எண், தெருப் பெயர் எதுவும் கிடையாது. ஆதார், பாங்க், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் என் பெயர், கீழே எஸ்டேட் பெயர், கோத்தகிரி, 643217. அவ்வளவுதான் முகவரி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனில் இருப்பவர்களுக்கும் அதேதான், தோட்டத்தில் எந்தப் பகுதி என்று சொல்லும் டிவிஷன் பெயர் மட்டும் கூடுதலாக இருக்கும்.

காலையில் எஸ்டேட் ஆள் ஒருவர் ஜீப்பில் போய் போஸ்ட் ஆபீஸில் எங்களுக்கு வந்த எல்லாவற்றையும் ஒரு காக்கிப் பையில் வாங்கி வருவார். பை நேராக ஹெட் கிளார்க் மேசைக்குப் போகும். டீ போர்டு கடிதம், ஏலத் தரகர் கடிதம், பாங்க் உறை, லயனில் ஒரு பாட்டிக்கு வந்த பென்ஷன் கடிதம் எல்லாம் ஒரே குவியலாகக் கொட்டப்படும். அவர் கத்தியால் வரிசையாகக் கீறிக்கொண்டே போவார். யார் பெயருக்கு வந்தது என்று பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

போன மாதம் கோவையிலிருந்து என் வக்கீல் எனக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருந்தார். ஜீவனாம்ச வழக்கு ஒன்று நடக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத விரும்பவில்லை. உறையின் மேல் என் முழுப் பெயர், பக்கத்தில் சிவப்பு மையில் 'நேரில் கொடுக்கவும்' என்று இருந்தது. என் கைக்கு வந்தபோது ஓரம் கீறி, ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். உள்ளே முதல் பக்கத்தில், என் கணவருடைய சம்பள விவரம் எழுதிய பத்தியின் மேலேயே, 'பெறப்பட்டது' என்று எஸ்டேட்டின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப். அதற்குள் தேதி, உள்வரும் தபால் எண், ஹெட் கிளார்க்கின் இனிஷியல். என் குடும்ப வழக்குக்கு எஸ்டேட் ஒரு எண் கொடுத்திருக்கிறது. பதிவேட்டில் 'பொருள்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். 'சிஸ்டர், கோர்ட் கேஸ்' என்று இருந்தது. அந்தப் பதிவேடு ஆபீஸில் எல்லார் கையிலும் புரளும்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் ஒரு மேஸ்திரி, நல்ல மனசுள்ளவர்தான், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எல்லாரும் நிற்கும்போது, "சிஸ்டர், கேஸ் என்னைக்கு வருது?" என்று அக்கறையாகக் கேட்டார். என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஆபீஸ் முகவரிக்கு வந்தா அது ஆபீஸ் தபால்தானே சிஸ்டர்? தாத்தா காலத்துல இருந்தே இப்படித்தான்" என்றார். மேனேஜரிடம் போனேன். "மறைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்றார்.

இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தத் தோட்டத்தில் யாருக்கு டிபி மாத்திரை போகிறது, எந்தப் பெண் கருக்கலைப்புக்குக் குன்னூர் போய் வந்தாள், யார் குடியை விட மருந்து சாப்பிடுகிறார் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டைப் பூட்டித்தான் வைக்கிறேன். மேனேஜரே கேட்டாலும், வேலைக்கு வரலாமா வரக்கூடாதா என்பதை மட்டும்தான் எழுதிக் கொடுப்பேன். அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதால் இல்லை, அது அவர்களுடைய விஷயம் என்பதால். என் கடிதமும் அப்படித்தான். உள்ளே எல்.ஐ.சி. ரசீது இருந்தாலும் அது என்னுடையது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? போஸ்ட் ஆபீஸில் ஏதாவது செய்ய முடியுமா? ஒன்றை மனதில் வைத்துச் சொல்லுங்கள்: வேலை போனால் எனக்கு வீடும் போகும்.

பதில்: குன்னூர்வாசி

எதற்குச் சிஸ்டர் இவ்வளவு கவலை? வக்கீலிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். மற்றதற்கு டவுனில் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுங்கள். இதற்காக எஸ்டேட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பதில்: கோத்தகிரி நர்ஸ்

அண்ணா, வக்கீலிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் ஏ.டி.எம். கார்டு வாட்ஸ்அப்பில் வராது. லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் 2024 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஸ்பீட் போஸ்டில் மட்டும்தான் வருகின்றன, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கையில் கொடுப்பதில்லை. டவுனில் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. அம்மா வீடு வால்பாறையில் இருக்கிறது. அங்கேயும் எஸ்டேட் முகவரிதான், அங்கேயும் ஒரு பைதான்.

பதில்: ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர்

அம்மா, நீலகிரியில் பல சப் ஆபீஸ்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்டேட் பையை எனக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மெயில் வண்டி ஏறாது. அடுத்த நாள் எல்லாம் சேர்ந்து வரும்போது எஸ்டேட் ஆட்கள் சாக்கோடு வந்து நிற்பார்கள். சரிவு சரிவாகச் சிதறிக் கிடக்கும் லயன்களுக்கு ஒரு தபால்காரர் நடந்து முடிக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஏற்பாட்டில் தப்பில்லை. ஆனால் பையைத் தூக்கிப் போகிறவரும் அதைக் கொட்டிப் பிரிக்கிறவரும் தபால்காரர் செய்ய வேண்டிய மிச்ச வேலையைத்தான் செய்கிறார்கள். தபால்காரர் ஒருவர் உங்கள் கடிதத்தைக் கீறிப் படித்துவிட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்காது.

துறை மேல் புகார் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டத்தில் இது தெளிவாகவே இருந்தது. முகவரிதாரரின் வீட்டிலோ ஆபீஸிலோ கொடுத்தாலும், அவருக்காக வழக்கமாக வாங்குகிறவரிடம் கொடுத்தாலும், அவர் கையிலேயே கொடுத்ததாகத்தான் கணக்கு. பை கைமாறியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லாருமே வேலை பார்த்தோம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் போஸ்ட் மாஸ்டருக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். 'என் பெயருக்கு வரும் தபாலை எஸ்டேட் பையில் சேர்க்க வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று இரண்டு வரி போதும். ஆதார் நகல் ஒன்று இணைத்து, நேரில் கொடுத்து, இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் இருந்த ஆபீஸ்களில் இப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தனியாக எடுத்து வைத்துத்தான் கொடுத்தோம். தபால் பிரிக்கும் அலமாரியில் ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு அறை இருக்கும். அதன் விளிம்பில் உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுவோம். பிரிக்கிற ஆள் மாறினால் சீட்டு கண்ணில் படாமல் போகும், அதனால் அவ்வப்போது போய் ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் போஸ்ட் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ரிஜிஸ்டர் தபால் ஆளைத் தேடிப் போகும், ஸ்பீட் போஸ்ட் முகவரியைத் தேடிப் போகும். உங்கள் வக்கீல் அனுப்பியது வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால், எஸ்டேட் ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கியதில் விதிப்படி குற்றமில்லை. சிவப்பு மையில் என்ன எழுதினாலும் கவுண்டரில் அதற்கு மதிப்பில்லை. இப்போது ஸ்பீட் போஸ்டிலேயே 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று கேட்டு 5 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் கூடக் கட்டினால், பெயருக்குரியவரிடமோ அவர் எழுதிக் கொடுத்து அனுப்பியவரிடமோ மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுப்பது என்றும் ஒன்று உண்டு, அதற்கும் அதே 5 ரூபாய்தான். இந்த இரண்டில் ஒன்றைப் போடச் சொல்லி வக்கீலிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் பற்றிப் பயப்பட வேண்டாம். அதை விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள்.

பதில்: பழைய ஹெட் கிளார்க், குன்னூர்

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். 'தாத்தா காலத்துல இருந்தே' என்று அவர் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

தாத்தா காலத்தில் நடந்தது வேறு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த மலையில் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். அரசு தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்காக வந்தவைதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அட்டனிலும் நுவரெலியாவிலும் நின்றுவிட்டார்கள், பாதிப் பேர் இங்கே. நீலநிற ஏர்மெயில் தாள் வந்தால் அன்றைக்கு லயனே கலகலக்கும். படிக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வராந்தாவுக்கு அதை மடியில் முடிந்து கொண்டு வருவார்கள். ஓரத்தை அவர்களே கிழித்துக் கொடுப்பார்கள், நாங்கள் படிப்போம். சிலர் என்னிடம் தரமாட்டார்கள், ஸ்டோர் கீப்பரிடம் போவார்கள். சிலர் வாத்தியாரிடம் போவார்கள். யாரிடம் படிக்கக் கொடுப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். ஒரு சாவுச் செய்தி இருந்தால் எந்த வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தைச் சாக்காக வைத்து இன்றைக்கு ஒருவர் கத்தியால் கீறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஆபீஸில் கத்தியை எடுக்கும் முன் ஆபீஸ் தபால், சொந்தத் தபால் என்று வகை பிரிப்போம். மேல் வரியில் பதவியோ கம்பெனி பெயரோ இருந்தால் ஆபீஸ் தபால். ஆள் பெயர் மேலே இருந்து கம்பெனி பெயர் கீழே இருந்தால் சொந்தத் தபால், தொடுவதில்லை. பெயரும் பதவியும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் குழப்பம்தான், உங்கள் மாதிரி டிஸ்பென்சரி ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதையும் பிரிக்காமல் அவரிடமே அனுப்பிவிடுவோம். உள்ளே ஆபீஸ் விஷயமாக இருந்தால் அவரே திருப்பிக் கொண்டு வந்து ஸ்டாம்ப் வாங்கிக்கொள்வார். அரை நாள் தாமதமாகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. கையெழுத்துப் போட்டு வாங்கிய சொந்தத் தபாலுக்கு ஒரு சின்ன நோட்டு தனியாக இருந்தது. அதில் தபால் எண், தேதி, பெற்றவர் கையெழுத்து இவ்வளவுதான். 'பொருள்' என்ற கட்டமே கிடையாது. உறைக்குள் இருப்பது தெரியாதபோது எதை எழுதுவது?

உங்கள் ஹெட் கிளார்க் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டதும் எரிந்து விழாதவர் மாறக்கூடியவர். மேனேஜரிடம் போவதற்குப் பதிலாக அவரிடமே இந்தச் சின்ன நோட்டு யோசனையைச் சொல்லிப் பாருங்கள். லயன் ஆட்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சங்கத் தலைவர் காதிலும் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் சலுகை என்றால் அடுத்த கிளார்க் வந்ததும் போய்விடும்.

பதில்: ஊட்டி வக்கீல்

சகோதரி, சட்ட நிலையை உள்ளபடி சொல்கிறேன். எஸ்டேட் கிளார்க் ஒருவர் கடிதத்தைப் பிரித்ததை நேரடியாகக் குற்றமாக்கும் அஞ்சல் சட்டப் பிரிவு இப்போது இல்லை. 1898 சட்டத்தின் 69ஆவது பிரிவில் ஒன்று இருந்தது. அஞ்சல் ஊழியர் அல்லாத ஒருவர், தீங்கு செய்யும் நோக்கத்தோடு, இன்னொருவருக்குச் சேர வேண்டிய கடிதத்தைப் பிரித்தாலோ சேரவிடாமல் தடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலும் கெட்ட எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும். அந்தப் பிரிவு விதிவிலக்கு கொடுத்தது பெற்றோருக்கும் காப்பாளருக்கும்தான், அதுவும் கடிதம் மைனர் பிள்ளைக்கோ காப்பில் உள்ளவருக்கோ வந்ததாக இருந்தால். முதலாளிக்கு அந்த விலக்கு இல்லை. 2023ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. புதியதில் இந்த மாதிரித் தண்டனைப் பிரிவுகளே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அதற்காக உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவின்கீழ் அடிப்படை உரிமை என்றார்கள். அது அரசுக்கு எதிராகத்தானே என்று எஸ்டேட் வக்கீல் சொல்வார். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை, 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது. ஆனால் ஒரு கடிதத்துக்காக ரிட் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் வீடு அவர்கள் கையில் இருக்கும்போது அது நல்ல யோசனை இல்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் பற்றி யாராவது சொல்வார்கள். அது காகிதக் கடிதத்தைத் தொடாது. கடிதத்தைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டால் அப்போது பேச்சு வேறு.

உங்கள் விஷயத்தில் வலுவான இடம், வந்தது வக்கீல் கடிதம் என்பது. கட்சிக்காரரும் வக்கீலும் பேசிக்கொள்வதைக் கட்சிக்காரர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல வக்கீலுக்கே சட்டம் அனுமதி தரவில்லை. அப்படி நீதிமன்றமே மதிக்கும் ஒன்று பதிவேட்டில் ஏறி மஸ்டர் வரை போயிருக்கிறது. மேனேஜருக்கு எழுதும்போது இதை ஒரு வரியில் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். பெயருக்கு வரும் உறைகளைப் பிரிக்காமல் தர வேண்டும், பதிவேட்டில் உங்கள் கடிதத்துக்கு எதிரே உள்ள 'பொருள்' பதிவை நீக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அந்த உறையையும் ஸ்டாம்ப் விழுந்த பக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதியில் யார் பிரித்தார் என்பதற்கு அவர்களே இட்ட முத்திரைதான் சாட்சி. நாளைக்கு இந்தக் கடிதம் எழுதியதற்காக உங்களைத் தொந்தரவு செய்தால் அப்போது உதவும்.

பதில்: கோத்தகிரி நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. போஸ்ட் மாஸ்டர் ஐயா சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "உங்க எஸ்டேட்ல இருந்து முதல்ல வந்தது நீங்கதான்" என்று சொல்லி முத்திரை போட்டுக் கொடுத்தார். இரண்டு நாளைக்கு ஒரு முறை டிஸ்பென்சரி மருந்து வாங்க டவுனுக்குப் போகிறேன், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஹெட் கிளார்க்கிடம் சின்ன நோட்டைப் பற்றிப் பேசினேன். என் பதிவுக்கு எதிரே இருந்ததை அவரே வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தார். இனிமேல் என் உறையைப் பிரிக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஆனால் லயன் தபாலைப் பற்றிக் கேட்டபோது, "அவங்க யாரும் கேக்கலையே" என்றார். கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நேற்றுகூட ஒரு பெண் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரிப்போர்ட்டை என்னிடம் காட்ட எடுத்து வந்தாள். அதன் மேலும் அதே ஊதா ஸ்டாம்ப். அவளுக்கு என்ன என்று எனக்கு முன்னால் ஆபீஸுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சரியாகிவிட்டது என்று என்னால் விட முடியாது.

வக்கீல் சார், லயன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாமா? பாதிப் பேர் கைநாட்டுதான் வைப்பார்கள்.

பதில்: ஊட்டி வக்கீல்

தாராளமாகக் கொடுக்கலாம். பெயர், டிவிஷன், லயன் எண் எழுதி எதிரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு முதலில் முழுசாகப் படித்துக் காட்டி, படித்துக் காட்டியவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம், சங்கத்து ஆள் ஒருவர் போடட்டும். போஸ்ட் ஆபீஸுக்கு இப்படி ஒரே கடிதமாகக் கொடுக்க வேண்டாம், அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் எழுதித் தர வேண்டியிருக்கும். மேனேஜருக்குக் கொடுக்கும் கடிதத்தின் வரைவை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.